தாக் மாமாவுக்கு விழுந்த இரண்டரைக் கும்பிடு

கொரியா என்ற நாட்டைக் கடவுள்தான் படைத்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படைத்து முடித்துவிட்டு, இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, எதை முதலில் சாப்பிடுவது, எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் அவர் முழித்துக்கொண்டு நின்றபோது, வண்டியை ஓரங்கட்டி, ஜன்னலை இறக்கி, "ஏறுங்க சாமி, நான் காட்டறேன்" என்று சொன்னவர் எங்கள் தாக் ஜே-மான் மாமா. ஆன்டோங் நகரத்தில் ஆறு இத்தனை அழகாக வளைந்து ஓடுவதும் அவர் கொடுத்த யோசனைதான். நம்பாதவர்கள் அவருடைய டாக்சியில் ஏறிப் பாருங்கள். இறங்கும்போது நீங்களே சூடம் அணைத்துச் சத்தியம் செய்வீர்கள்.

மாமாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தலைக்கு அவர் பூசும் சாயத்தின் பக்கத்தில் நின்றால் காக்காய் வெளுத்துத் தெரியும். கையில் வெள்ளை உறை. மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடி. டிக்கியில் நூல் சுற்றிய காய்ந்த மீன் ஒன்று, கண்ணேறு படாமல் இருக்க. முன்பு மலைக்கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். கிராமத்துப் பிள்ளைகளெல்லாம் சியோலுக்குப் போய்விட, கடைசியில் அந்த பஸ்ஸில் அவரும் முட்டைக்கோஸ் மூட்டைகளும் மட்டும் போய்வந்தார்கள். மூட்டைகள் டிக்கெட் வாங்காததால் அந்தத் தடத்தையே நிறுத்திவிட்டார்கள். மாமா டாக்சி எடுத்தார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகள் சுவோன் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து "சாப்டியாப்பா?" என்பாள். "வெளிநாட்டுக்காரங்களுக்குச் சாப்பிடச் சொல்லிக் குடுக்கவே நேரம் பத்தல, நான் எங்க சாப்பிடறது?" என்பார்.

அவருடைய டாக்சியில் கட்டணம் மீட்டர்படி. உபதேசம் இலவசம். கேட்டாலும் இலவசம், கேட்காவிட்டாலும் இலவசம்.

"சோத்துக்குக் கரண்டி, கறிகாய்க்குக் குச்சி. ரெண்டையும் ஒரே கையில புடிச்சா பந்தியில பூந்த திருடன் மாதிரி இருக்கும். சோத்துக் கிண்ணத்தத் தூக்கி கையில வெச்சுக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது. காரம் ஏறிடுச்சா, தண்ணி குடிக்காதீங்க, வெறுஞ்சோத்த அள்ளிப் போடுங்க. தொட்டுக்க வெச்சது தீந்துபோச்சா, கூசாம இன்னொரு தரம் கேளுங்க. ஆனா கேட்டு வாங்கி மிச்சம் வெச்சீங்கன்னா, சமைச்சவ மூஞ்சியப் பாக்காம ஓடிப்போயிடுங்க. உங்க கோப்பைய நீங்களே ரொப்பிக்காதீங்க. பக்கத்துல இருக்கறவனுக்கு நீங்க ஊத்துங்க, அவன் உங்களுக்கு ஊத்துவான். ஊத்தலைன்னா அவன் சகவாசமே வேண்டாம். பழைய பாடசாலைக்குப் போனா நடுவாசல்ல நுழையாதீங்க, அது செத்துப்போன பெரியவங்களுக்கு. பொதுக் குளியல் கூடத்துல வெக்கப்படாதீங்க. வெக்கப்படறவனத்தான் அத்தன பேரும் பாப்பாங்க."

இதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. என் பெயர் பியோன் டான்-பி. வயது பதினேழு. பள்ளிக்கூடமும் நானும் போன வருஷம் பேசி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம். என் ஆங்கிலம், கம்ப்யூட்டர் விளையாட்டில் உலகத்துப் பையன்களோடு சண்டை போட்டுக் கற்றது. திட்டுவதற்கு நன்றாக வரும். மரப்பாலத்துக்குப் பக்கத்தில் அம்மா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். மாமா தன் விருந்தாளிகளை மதியத்துக்கு அங்கேதான் கூட்டிவருவார். அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வாரம் ஊரே என்னிடம் ஏன், எதற்கு என்று குடைந்தது. மாமா மட்டும் கதவைத் திறந்து, "முன் சீட்ல உக்காரு, வாலு. இன்னைக்கு ரெண்டு ஜெர்மன்காரங்க" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு நான் காட்டிய நன்றி இது: அவர் "இந்தச் சிவப்புப் பானகம் ஜீரணத்துக்கு நல்லது, மெதுவா குடிங்க" என்பார். "இதை மிச்சம் வைத்தால் உங்கள் பெட்டிகளோடு ஆற்றில் இறக்கிவிடுவாராம்" என்று நான் சொல்வேன். அவர்கள் ஒரே மடக்கில் குடிப்பார்கள். மாமா பூரித்துப்போவார். ஊரெல்லாம், "டான்-பி நாக்கு தராசு மாதிரி. நான் போட்டத ஒரு குண்டுமணி குறையாம நிறுத்துக் குடுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். அப்போது.

எங்கள் கடைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செத்தவர்களுக்குப் படைத்த சோற்றுக்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த ருசிக்காக, யாருடைய திதியும் இல்லாத நாளிலும் படையல் மாதிரியே சமைத்துச் சாப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். மிளகாய், பூண்டு சேராத கீரைகள், குச்சியில் கோத்துச் சுட்ட சுறாத் துண்டு, முள்ளங்கிச் சாறு, எல்லாம் வெண்கலக் கிண்ணத்தில். பொய்ப்படையல் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்ட சாப்பாடு. அம்மா அதில் பெயர் பெற்றவள்.

இலை சிவக்கிற பருவத்தில் பெல்ஜியத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. பிராம், லோட்டே. இருவரும் நல்ல உயரம், நல்ல மனசு. காலையிலிருந்து மாமா அவர்களை முகமூடி ஆட்டம், ஆற்றங்கரை, சுவர் ஓர மண்பாதை என்று சுற்றிக்காட்டி, முழங்கால் வலிக்கிறது என்ற லோட்டேக்குத் தன் இடுப்புப் பட்டியையே கழற்றிக் கட்டிவிட்டிருந்தார். மதியம் கடைக்கு வந்ததும் அவர் வண்டியின் கண்ணாடி துடைக்கப் போனார். லோட்டே என்னிடம் கேட்டாள்: "இவருக்கு உங்கள் முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். எப்படி?"

நான் முறைப்படியே சொல்லிக்கொடுத்தேன். கிம்ச்சி வைத்திருக்கும் ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் கூட்டிப்போய், கையை எப்படி மடிப்பது, எந்த முழங்காலை முதலில் ஊன்றுவது, நெற்றி எவ்வளவு தாழ வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். தரையில் விழுந்து ஒன்று. எழுந்து, மறுபடி விழுந்து இரண்டு. பிறகு நின்றபடி இடுப்பை வளைத்து ஒரு அரை. அருமையாகச் செய்தார்கள், முழங்காலில் பட்டியோடு லோட்டேயும்.

எங்கள் நாட்டில் உயிரோடு இருக்கும் பெரியவர் காலில் ஒருமுறைதான் விழுவோம். இரண்டு முறை விழுவதும் அந்த அரையும் பிணத்துக்கு.

மாமா வந்து உட்கார்ந்தார். பின்னால், படையலுக்குப் பின்னால் நிறுத்துவது போன்ற எழுத்துத் தட்டி, அம்மா அழகுக்கு வைத்தது. முன்னால் வெண்கலக் கிண்ணங்கள். இரண்டு பெல்ஜியர்களும் எழுந்து, எதிரே நின்று, விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். பக்கத்து மேசையில் மலையேறிவிட்டு வந்திருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி "ஐயையோ" என்றாள். பெல்ஜியர்கள் நிமிர்ந்து, அந்த அரையையும் போட்டார்கள்.

சிரிப்பை அடக்க நான் முஷ்டியை வாய்க்குள் திணித்திருந்தேன். "அடப்பாவிகளா, என்னைப் பொதைச்சுட்டீங்களேடா!" என்று மாமா கத்துவார், கடையே உருளும் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அவர்களைப் பார்க்கவும் இல்லை. முன்னால் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பல் தெரியச் சிரித்து, அவர்களுக்குப் பதில் வணக்கம் சொன்னார். ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்தார். வழியில் ஒரு உபதேசம் இல்லை. அன்றுதான் முதல்தடவையாக அந்த டாக்சியில் நான் ரேடியோ கேட்டேன்.

திரும்பி வந்ததும் அம்மா கரண்டியோடு நின்றாள்.

"யாருடி அவங்களுக்கு அத சொல்லிக் குடுத்தது?"

"எனக்கென்ன தெரியும்? ஏதாவது வீடியோல பாத்திருப்பாங்க."

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

"வீடியோதாம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அடுத்த வாரம் தேகு ஆஸ்பத்திரியில அவருக்கு வயித்துல ஆபரேஷன். புத்துநோய். ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சாச்சு, வெட்டி எடுத்துட்டா பொழச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. மனுஷன் தைரியத்தச் சேத்து வெச்சிருந்தாரு. இன்னைக்குப் பாத்து இந்தக் கண்றாவி."

அன்று ராத்திரிச் சோறு எனக்கு உள்ளே இறங்கவில்லை. எங்கள் கடைச் சோறுதான். படையல் சோறு.

இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். எதுவும் வேண்டாம் என்றார். வெறும் பார்லி தண்ணீரை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். வழக்கமாக அவருக்கு ஆள் அனுப்பும் ஹோட்டல்காரர்களின் நம்பரையெல்லாம் வேறு டாக்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"அண்ணே, பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"முன்னால படையல். பின்னால தட்டி. நடுவுல நான். ஏழு கடல் தாண்டி வந்து ரெண்டு பேர் எனக்குச் செய்ய வேண்டியத செஞ்சுட்டுப் போயிட்டாங்க. இனிமே கத்தி எதுக்கும்மா?"

"அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்? தெரியாம செஞ்சுட்டாங்க."

"தெரியாம செஞ்சாத்தாம்மா சகுனம். தெரிஞ்சு செஞ்சா வெறும் கேலி. கேலின்னா நானே சிரிச்சுட்டுப் போயிருப்பேன்."

நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தேன். மருந்து என் வாயிலேயே இருந்தது. 'மாமா, அது என் வேலை' என்ற ஒரே ஒரு வாக்கியம். சகுனம் கேலியாகிவிடும், மனுஷன் பிழைத்துப்போவார். நாக்கு தராசு என்று சொன்னாரே, அந்த நாக்கு எழவில்லை. அவர் போகும்போது என் தலையில் தட்டி, "என்ன வாலு, நீயும் சாப்பிடறதில்லையாம்? உனக்கென்ன கேடு?" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

உண்மையைச் சொல்லத் தெரியாதவளுக்குத் தெரிந்தது இன்னொரு பொய்தான். மறுநாள் காலை டாக்சி நிறுத்தத்துக்குப் போனேன். மாமா கையுறை போடாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மட்டும் விடவில்லை.

"மாமா, எனக்கு ஒரு கனவு வந்துச்சு."

சட்டென்று நிமிர்ந்தார். "வாய மூடு! சொல்லிடாதே! சொன்னா பலன் போயிடும். விக்கறியா?"

எங்கள் நாட்டில் நல்ல கனவை விற்கலாம், வாங்கலாம். வாங்கியவருக்குத்தான் அதன் பலன். அதற்குத்தானே வந்தேன். "விக்கறேன்."

"மனுஷனா, மிருகமா? அத மட்டும் சொல்லு."

"மிருகம்."

"தின்னு கொழுத்ததா?"

"ரொம்ப."

மாமா எச்சில் விழுங்கினார். "என்ன வேணும்?"

"அந்தக் கண்ணாடி."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கே பார்க்கிறார் என்று தெரியாததால் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றிக் கொடுத்தார். கண்களைச் சுற்றி மட்டும் வெயில் படாத வெள்ளைத் தோல். ஆந்தைக் குஞ்சு மாதிரி இருந்தார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். கனவில் பன்றி வந்தால் எங்கள் ஊரில் பெரிய அதிர்ஷ்டம். ஆற்றிலிருந்து ஒரு தாய்ப்பன்றி ஏறி வந்தது. பஸ் அளவு. மரப்பாலத்தின் மேல் நடந்து வந்து, மாமாவின் டாக்சிக் கதவைத் தானே திறந்து, முன் சீட்டில் உட்கார்ந்தது. பின்சீட்டு முழுக்கக் குட்டிகள். "வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு சீட் பெல்ட் போட்டுக்கொண்டது.

"சீட் பெல்ட் போட்டுச்சா?"

"போட்டுச்சு மாமா."

"நல்ல பன்னி," என்றார் மாமா. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். அங்கே இருந்த அம்மணி அவர் பெயரை நீக்கவே இல்லையாம். "உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளி தெனம் நாலு பேரு, தாத்தா. பேசாம வந்து சேருங்க" என்று திட்டினாளாம். திட்டு வாங்கிய சந்தோஷத்தில் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை. ஒரு பொய்யால் அவரைப் படுக்கவைத்தேன், இன்னொரு பொய்யால் எழுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் மேசைமேல் அவர் வயிற்றைத் திறக்கும்போது, உள்ளே தைரியம் என்ற இடத்தில் என் பன்றி உட்கார்ந்திருக்கும். சீட் பெல்ட்டோடு. அது நிஜப் பன்றி இல்லை என்று அவருடைய உடம்புக்குத் தெரிந்துவிட்டால்?

ஆபரேஷன் அன்று காலை முதல் பஸ்ஸில் தேகுவுக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். மாமாவின் மகள் முந்தின நாளே சுவோனிலிருந்து வந்து கூட இருந்தாள். அம்மா அவளைக் கஞ்சியாவது குடிக்கவைக்கிறேன் என்று கீழே இழுத்துப்போனாள். போகும் அவர்களையும் மாமா விடவில்லை. "வாசலுக்கு எதிர்ல இருக்கற கடைக்குப் போகாதீங்க, அது நோயாளியப் பாக்க வர்றவங்கள ஏமாத்தற கடை. சந்துக்குள்ள போங்க. எங்க பாத்திரம் நசுங்கியிருக்கோ அங்க கஞ்சி நல்லாருக்கும்." கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டையில், கையுறை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். சாயம் போய் வேர்ப்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தது.

நான் ஜன்னலோரம் நின்றேன்.

"வாலு, கிட்ட வா. ஒரு விஷயம் இடிக்குது."

போனேன்.

"அவ்ளோ பெரிய பன்னி. அத்தன குட்டி. நெசமாவே வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? உங்கம்மா முடியப் புடிச்சு லாட்டரிக் கடைக்கு இழுத்துட்டுப் போயிருப்பே. அத விட்டுட்டு ஒரு டாக்சிக்காரனத் தேடி வந்து, கீறல் விழுந்த கண்ணாடிக்கு வித்துட்டுப் போறே. ஏன்?"

"கனவு வந்துச்சு மாமா. சத்தியமா."

"சீட் பெல்ட் போட்டுட்டு?"

நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"வாங்கும்போதே பாதி தெரியும். மீதி நேத்து படுத்திருக்கும்போது புரிஞ்சுது. அந்த பெல்ஜியத்துக்காரங்க ரெண்டு தரம் விழுந்தாங்க. சரி, எங்கயோ பாத்துட்டு தப்பா செஞ்சுட்டாங்கன்னே வெச்சுக்குவோம். எழுந்து நின்னு ஒரு அரை போட்டாங்க பாரு, அதுதான் உதைச்சுது. எங்கப்பா படையல்ல என் சொந்தத் தம்பியே வருஷா வருஷம் அந்த அரைய மறந்துட்டு முழிப்பான். ரெண்டு வெள்ளைக்காரங்களுக்கு அத அவ்ளோ சுத்தமா பழக்கி விடணும்னா, படையல் கடையில பொறந்து வளந்த கழுத ஒண்ணாலதான் முடியும்."

"தெரிஞ்சும் ஏன் மாமா அன்னைக்கே கேக்கல?"

"கேட்டிருந்தா நீ யானையக் கொண்டு வந்திருப்பே."

அந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நானும் யோக்கியன் இல்ல. கத்தின்னா பயம். போகாம இருக்க ஒரு சாக்குத் தேடிட்டு இருந்தேன். நீ தட்டுல வெச்சு நீட்டினே, எடுத்துக்கிட்டேன். அப்புறம் பாத்தா நீ சாப்பிடாம கொள்ளாம ஈரத்துணி மாதிரி சுத்திட்டு இருக்கே. சரி, பன்னியாவது வாங்குவோம்னு வாங்கினேன்."

ஒரு நர்ஸும் கட்டில் தள்ளுகிற ஆளும் வந்தார்கள். கம்பியை ஏற்றி, பெயரைக் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்தார்கள். என்னிடம் அந்த ஒரு வாக்கியம் இன்னும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லத் தேவையே இல்லாமல் அவரே சொல்லி முடித்துவிட்டார். இருந்தாலும் என் வாயால் வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு ஏதோ சத்தம். அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நிற்கிற ஆம்புலன்ஸ்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

கட்டில் நகர்ந்தது. வாசலில் நின்றது. "ஒரு நிமிஷம் நிறுத்துங்க தம்பி" என்று மாமாவின் குரல்.

"வாலு, என்ன பண்றே அங்க?"

"சும்மா. வெளிய பாக்கறேன்."

"அழறியா?"

"இல்ல. தூசி."

"தரையில சோத்தக் கொட்டி அள்ளித் திங்கலாம், அப்படி இருக்கு இந்த ஆஸ்பத்திரி. இதுல உனக்கு மட்டும் எங்கேர்ந்துடி தூசி வந்துச்சு?" என்றார் தாக் மாமா. "ரெண்டரைக் கும்பிடு போட வெச்சாச்சு. இப்ப ஒப்பாரியும் வெச்சுட்டேன்னா நான் செத்துத்தான் ஆகணும், வேற வழியே இல்ல. மூக்கச் சிந்து, திருட்டுக் கழுத."